பத்து வீடு, இருபது கண்ணாடித் தம்ளர்

சுதார்மிக்கு வயது முதலில் வந்து உட்கார்ந்த இடம் வலது முழங்கால். நாற்பத்தேழு முடிவதற்குள்ளேயே அது மேட்டில் ஒரு சத்தமும் பள்ளத்தில் ஒரு சத்தமும் போட ஆரம்பித்திருந்தது. அவள் பார்க்கிற வேலைக்கோ முழங்கால்தான் மூலதனம்.

பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறாள். எந்தச் சோப்பு போடுகிறீர்கள் என்பதில் தொடங்கியது, எந்தத் தலைவருக்கு ஓட்டு என்பதில் வந்து நிற்கிறது. ஜகார்த்தாவில் இருக்கும் கருத்துக்கணிப்பு நிறுவனம் எந்த ஊர் என்று குலுக்கிப் போட்டுச் சொல்லும். அந்த ஊரில் எந்த வீடு, அந்த வீட்டில் யார் என்பதும் குலுக்கல்தான். அவள் விருப்பத்துக்கு அதில் இடமே கிடையாது. பேர் வந்த ஆள் சந்தைக்குப் போயிருந்தால் சாயங்காலம் திரும்பி வருவாள். பக்கத்து வீட்டுக்காரி, "நான் சும்மாதானே இருக்கேன், என்னைக் கேட்டுட்டுப் போயேன்" என்று கூப்பிட்டாலும் அசையமாட்டாள். ஒருமுறை, பேர் வந்த ஆள் மீன்குட்டையில் கழுத்தளவுத் தண்ணீரில் வலையோடு நின்றிருந்தார். இவள் கரையில் குந்தி, நாற்பத்திரண்டு கேள்வியையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். மத்திய ஜாவாவின் அந்த மலையடிவாரம் முழுக்க அவளைப் பற்றிப் பேச்சு அதுதான்: சுதார்மி எழுதிக்கொண்டு வந்தால் அது அந்த ஆள் சொன்னதாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டே பேர். பேரைச் சொல்வதைவிட நம்பரைச் சொல்வதுதான் சுருக்கு. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர். ஒரு கணிப்பு இவர் முன்னால் என்றது, அடுத்த வாரத்துக் கணிப்பு அவர் முன்னால் என்றது. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் வித்தியாசம். ஒரு விரல் நீட்டினால் ஒன்றாம் நம்பர் கட்சி, இரண்டு நீட்டினால் இரண்டாம் நம்பர்; நாடே விரலை ஒளித்துக்கொண்டு நடந்த மாதம் அது. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவர், "எல்லாரும் முஷ்டிய மூடிக்குங்க, அப்புறம் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் சண்டை போட்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படம் எடுத்தார். டீக்கடையில் இரண்டு காப்பி கேட்டால், "முடிவே பண்ணியாச்சா?" என்று கடைக்காரர் சிரிப்பார். வம்பு எதற்கென்று சிலர் மூன்றாகப் போடச் சொல்லிக் குடித்தார்கள்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடைசிக் கணிப்பு. நாடு முழுக்க நூற்று இருபது ஊர், ஊருக்குப் பத்துப் பேர். சுதார்மிக்குக் கலிதுரி என்ற ஊர் வந்தது. மேற்பார்வையாளன் ஹெந்த்ரோ, முப்பது வயதுகூட ஆகாதவன், தாள்களைக் கொடுக்கும்போது குரலைத் தணித்துச் சொன்னான். அம்மா என்பதுபோல, மூத்த பெண்களை அங்கே 'இபு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இபு, மாவட்ட ஒருங்கிணைப்பாளர் இடம் காலியாகுது. உங்க பேரத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். இந்தச் சுற்று ஒரு பிழையும் இல்லாம முடிஞ்சா போதும், நாற்காலி உங்களுக்கு."

"நாற்காலின்னா, உக்காந்தே பாக்கிற வேலையா?"

"உக்காந்தேதான். நடக்கிறதெல்லாம் மத்தவங்க."

அன்றைக்கே அவள் கணவர் ஜுமாதி, கொல்லையில் நின்ற இலவமரத்துப் பஞ்சை எடுத்து ஒரு மெத்தை தைக்க உட்கார்ந்துவிட்டார். மணல் லாரி ஓட்டுகிற மனிதர். ஊசி பிடிக்கிற விரல் இல்லை அது. "ஆபீஸ் நாற்காலி மரமாத்தான் இருக்கும். இத போட்டுக்கிட்டு உக்காரு" என்றார். நூல் நான்கு இடத்தில் கோணிக்கொண்டு போனது. அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் அந்த முழங்காலுக்கு இஞ்சித் தைலம் தேய்க்கிறவர் அவர்தான்.

பதில் சொல்கிறவர்களுக்கு நிறுவனம் ஒரு சின்ன அன்பளிப்பு கொடுக்கும். இதுவரைக்கும் பேனா, சாவிக்கொத்து, முகம் துடைக்கிற துண்டு. பையின் அடியில் கிடக்கும். எல்லாம் முடிந்து எழும்பும்போது எடுத்துக் கொடுப்பாள். கையேட்டின் பதினோராம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது: அன்பளிப்பு கடைசியில் மட்டும். இந்த முறை ஜகார்த்தாவில் யாரோ நிறைய யோசித்திருக்கிறார்கள். சிவப்பு கூடாது, அது ஒரு கட்சி. பச்சை கூடாது, அது இன்னொன்று. மஞ்சளும் நீலமும் ஆகாது. எழுத்து, படம் எதுவும் வேண்டாம். நிறமே இல்லாத பொருளாகத் தேடித் தேடிக் கடைசியில் கண்ணாடித் தம்ளரைப் பிடித்திருக்கிறார்கள். பழுப்பு அட்டைப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு தம்ளர்.

பெட்டி பைக்குள் நுழையவில்லை. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டாள். கலிதுரியின் கல் பரப்பிய தெருவில் வண்டி ஏறியபோது, இருபது தம்ளரும் சேர்ந்து ஊரைக் கூப்பிட்டன.

முதல் வீடு கார்திமான் என்ற புகையிலை விவசாயியுடையது. சுதார்மி கையில் பெட்டியோடு உள்ளே போனாள். உட்காரச் சொன்னார்கள். அவர் மனைவி மல்லிகைத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு தட்டில் அவித்த வேர்க்கடலை. பெட்டி சுதார்மியின் பக்கத்தில் பாயில் இருந்தது. வீட்டில் இருந்த ஐந்து பேரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாட்டை அவள் பார்த்தாள். விருந்தாளி கையில் கொண்டுவந்ததைக் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக் கடலையை உரித்துத் தின்பதா? அதுவும் முக்கால் மணி நேரம். அப்படி ஒருத்தியைப் பற்றி இந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். அவள் அம்மா வளர்த்த கை அது, தானாக நீண்டுவிட்டது.

"சின்னதா ஒன்னு. வீட்டுல வச்சுக்குங்க" என்று பெட்டியைக் கொடுத்துவிட்டாள். கார்திமான் திறந்து பார்த்தார். இரண்டு தம்ளர். "ஆ, ரெண்டு" என்றார். மனைவியும் எட்டிப் பார்த்து, "ரெண்டு" என்றாள். பிறகு எல்லோரும் மிக மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதல் வீட்டில் கொடுத்ததை இரண்டாம் வீட்டில் நிறுத்திவைக்க முடியாது. தெரு அகலம் ஆறடிதான். பத்து வீட்டிலும் பெட்டி முதலில், கேள்வி பிறகு என்றே ஆனது.

இரண்டு நாள் வேலை. அவள் கால்வைத்த ஊர்களிலேயே இவ்வளவு சுலபமான ஊர் இருந்ததில்லை. யாரும் தயங்கவில்லை, யாரும் "அதெல்லாம் எதுக்குங்க" என்று மழுப்பவில்லை. இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு என்ற கேள்வி வந்ததும், அவளைப் பார்த்துப் புன்னகைத்து, "ரெண்டுதாங்க" என்றார்கள். ஒன்பது பேர் ரெண்டு. ஒருவர் மட்டும் இன்னும் யோசிக்கிறேன் என்றார். அதையும் மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னார்.

பத்தாவது வீடு சாதினெம் உடையது. ஐம்பத்தைந்து வயது, சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பே கட்டி விற்கிறவள். பேசிக்கொண்டே வாழையிலையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கேள்வியும் முடிந்து, கையெழுத்துப் போட்டு, சுதார்மி தாள்களை அடுக்கும்போது அவள் கேட்டாள்.

"ஒன்னு கேக்கலாமா தங்கச்சி?"

"கேளுங்கக்கா."

"ஒன்னாம் நம்பர்காரங்க எப்ப வருவாங்க?"

"எந்த ஒன்னாம் நம்பர்காரங்க?"

"உங்கள மாதிரித்தான். அவங்க வந்தா ஒரு கிளாஸுதான் தருவாங்கபோல. அது நமக்கு நட்டம். எங்க ஊட்டுக்காரரு குடிச்சு முடிக்கிறவரைக்கும் நான் வாயப் பாத்துக்கிட்டு நிக்கணும்."

சுதார்மி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா, நான் எந்த நம்பரோட ஆளும் இல்ல. வந்ததும் சொன்னேனே."

"சொன்னீங்க. வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க. சொல்லிட்டு ரெண்டு கிளாஸ நீட்டினீங்க. நாங்க என்ன, கண்ணு தெரியாதவங்களா?"

"அதனாலயா நீங்க..."

"நான் மட்டுமா? நேத்துக் காலையிலேயே தெரு பூரா பேச்சு. ரெண்டாம் நம்பர் பக்கத்துலேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு, முழங்கால் வலியோட படி ஏறுது, மனசு நோகாம சொல்லி அனுப்புங்கன்னு. கார்திமான் என்ன பண்ணாரு தெரியுமா? பெட்டியத் திறந்து பாத்த கையோட பையன விட்டு, கொல்லையில நின்ன ஒன்னாம் நம்பர் கொடியக் கழட்டி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால சுருட்டி வைக்கச் சொல்லிட்டுத்தான் உங்களுக்குப் பதிலே சொன்னாரு."

சுதார்மிக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் நினைவுக்கு வந்தது.

"வீடு தேடி வந்தவங்கள முகம் வாட அனுப்பலாமா, சொல்லுங்க" என்றாள் சாதினெம், அடுத்த பொட்டலத்தை மடித்தபடி. குற்றமாகவும் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. நாற்று நடுகிற நாளைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று மாலை வீட்டில் ஜுமாதி மெத்தையின் கடைசிப் பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை.

"பத்துப் பேரு. ஆயிரத்து இருநூறு பேருல பத்து. கடல்ல கரைச்ச பெருங்காயம். நாளைக்கு மத்தியானம் அனுப்பிட்டு வந்து நிம்மதியா உக்காரு" என்றார்.

"கிளாஸு எனக்கு மட்டுமாங்க வந்துச்சு? எல்லா ஊருக்கும் இதே பெட்டிதான்."

"மத்தவங்க கையேட்டுப்படி கடைசியில கொடுத்திருப்பாங்க."

"எல்லாரும் நம்ம பக்கத்துப் பொண்ணுங்கதானே. பெட்டிய மடியில வச்சுக்கிட்டு, அவங்க கொடுத்த டீய எவ குடிப்பா?"

ஊசி நின்றது. "சொன்னா நாற்காலி போயிடும்" என்றார்.

"தெரியுது."

"உன் காலு அது. நான் ஒன்னும் சொல்லல" என்றுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் மறுபடி சாதினெம் வீட்டில் நின்றாள். கையில் எதுவும் இல்லை.

"அக்கா, தெருவுல மாசச் சீட்டு நீங்கதானே நடத்தறீங்க? குலுக்குற டப்பாவ ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்க."

அந்த டப்பா எல்லா ஊரிலும் உண்டு. பழைய பால்மாவு டின். மூடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. பேர் எழுதிய தாளைச் சுருட்டி, உறிஞ்சு குழாயை இரண்டங்குலமாக வெட்டி அதற்குள் செருகிப் போடுவார்கள். குலுக்கினால் ஒன்று வெளியே விழும். அதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. பெண்கள் இந்த டப்பாவை நம்புகிற அளவுக்குப் புருஷனைக்கூட நம்புவதில்லை.

"இத வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"நேத்து உங்க வாய் எனக்காகப் பேசிச்சு. இன்னைக்கு அதுக்கு ஓய்வு. ஒன்னாம் நம்பர்னா ஒரு கோடு, ரெண்டுன்னா ரெண்டு கோடு. சுருட்டிக் குழாய்க்குள்ள வச்சு நீங்களே போடுங்க. எனக்குத் தெரிய வேண்டாம்."

சாதினெம் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "நானும் கூட வரேன். தனியா போனீங்கன்னா மறுபடி டீ போட்டுடுவாங்க" என்று இடுப்புத் துணியில் கையைத் துடைத்தாள்.

அதனால் இரண்டாம் தடவை வேலை சீக்கிரம் நடந்தது. வாசலிலேயே சாதினெம் சொல்லிவிடுவாள்: "சீட்டு டப்பா வந்திருக்கு. யாரு முகத்தையும் பாக்காமப் போடுங்க." கார்திமான் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மனைவியையும் வெளியே அனுப்பிவிட்டார். திரும்பி வந்து டப்பாவில் குழாயைப் போட்டவர், "தங்கச்சி, அன்னைக்கு சொன்னதுக்கும் இதுக்கும்..." என்று தொடங்கினார்.

"அன்னைக்கு சொன்னதுக்கு நன்றிண்ணே" என்றாள் சுதார்மி. அவர் முகம் தெளிந்தது.

தெருக்கோடியில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்தார்கள். ஒற்றைக் கோடு ஐந்து. இரட்டைக் கோடு நான்கு. ஒரு குழாய்க்குள் எதுவுமே இல்லை.

"இது அந்த யோசிக்கிறவரு" என்றாள் சாதினெம். "அவரு கல்யாணத்துக்கே நாலு வருஷம் யோசிச்சாரு."

அங்கிருந்தே சுதார்மி ஹெந்த்ரோவைக் கூப்பிட்டாள். அவன் முழுதும் கேட்டான். பின்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இபு, இந்த டப்பாக் கணக்க நான் எதுலயும் ஏத்த முடியாது. முறையில அப்படி ஒன்னு இல்ல."

"ஏத்த வேண்டாம் தம்பி. முதல்ல எழுதுன பத்துத் தாள எடுத்துடுங்க. அது கலிதுரி சொன்னது இல்ல, என் பெட்டி சொன்னது."

"பத்துத்தானே இபு. ஒரு புள்ளிகூட மாறாது."

"ஒன்னு பண்ணுங்க. நம்ம ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்க: கிளாஸ எப்ப கொடுத்தீங்க? நான் முன்னாடி கொடுத்தேன்னு என் பேர முதல்ல சொல்லிட்டுக் கேளுங்க. அப்பதான் நெசத்தச் சொல்வாங்க."

அவன் கையேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இபு, உங்க பேரச் சொன்னா, பதினோராம் பக்கத்த மீறினதா எழுதணும். எழுதிட்டு நாற்காலிக்கும் நான் உங்களையே எழுத முடியாது. மேல கேப்பாங்க."

"எழுதுங்க தம்பி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் மேட்டுல ஏறினேன். காலு ரெண்டாம் தடவயா வலிக்குது."

ஹெந்த்ரோ கேட்டான். அந்த வட்டாரத்தில் கேள்வி கேட்கப் போனவர்கள் முப்பத்திரண்டு பேர். அதில் பெட்டியை முதலிலேயே கொடுத்தவர்கள் பத்தொன்பது. ஒருத்தி, "முன்னாடி கொடுக்கல, வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க" என்றாளாம். ஜகார்த்தாவில் இரண்டு நாள் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். இரண்டாம் நம்பர் ஐந்து புள்ளி முன்னால் என்று தயாராக இருந்த அறிக்கை வெளியே வரவில்லை. எங்கள் கணக்கில் இந்தத் தேர்தலை இப்போது சொல்ல முடியாது என்று ஒரு பக்கத்தில் அறிவித்தார்கள். மற்ற நிறுவனங்கள் சிரித்தன. சொல்ல முடியாது என்று சொல்வதற்கு ஒரு நிறுவனமா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள்.

அடுத்த வாரம் நாற்காலி வேறொரு பெண்ணுக்குப் போனது. கேள்வித்தாள்களை மடிப்பு கலையாமல் அனுப்புகிறவள், நல்ல பெண்தான். ஹெந்த்ரோ நேரில் வந்து சொன்னான். வரும்போது ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். அதை எப்போது நீட்டுவது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுதார்மிதான் சிரித்து, "கொடுத்துடுங்க தம்பி. நான் எந்த நம்பர்னு உங்களுக்குச் சொல்லப்போறதில்ல" என்றாள்.

தேர்தல் அன்று காலையில் தன் ஊரில் ஓட்டுப் போட்டு, சுண்டுவிரலில் ஊதா மையோடு அவள் கலிதுரிக்குக் கிளம்பினாள். வேலை எதுவும் இல்லை. யாரும் அனுப்பவுமில்லை. ஜுமாதி அந்த இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவந்து, மோட்டார் சைக்கிள் இருக்கையின்மேல் வைத்து, லாரிக் கயிற்றால் கட்டினார். "நாற்காலிக்குத் தச்சது. இதுவும் உக்கார்ற இடந்தான்" என்றார். கோணல் தையல் வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஓட்டுப்பதிவு மத்தியானமே முடிந்து, அதே இடத்தில் ஓட்டை எண்ணுவார்கள்; எல்லோரும் நின்று பார்க்கலாம். பூப்பந்துத் திடலில் பந்தல், ஊரே கூடியிருந்தது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, ஓட்டுப் போட்டவர் ஆணியால் குத்திய ஓட்டை வழியே வெளிச்சம் தெரிய உயர்த்திக் காட்டினார். "ஒன்று. செல்லுமா?" என்றார். "செல்லும்" என்றது கூட்டம். "இரண்டு. செல்லுமா?" "செல்லும்." பலகையில் நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாகக் கட்டுக் கட்டாக ஏறிக்கொண்டே போனது. ஒரு பக்கம் முந்தும், அடுத்த பத்து நிமிடத்தில் மறுபக்கம் வந்து தொடும். சுதார்மி உதட்டை அசைக்காமல் எண்ணினாள். தனக்கு யார் வேண்டும் என்பது அப்போது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

மூன்று மணிக்கு முடிந்தது. ஒன்றாம் நம்பர் நூற்று நாற்பத்தெட்டு. இரண்டாம் நம்பர் நூற்றுப் பதினேழு. செல்லாதது ஆறு. ஐந்துக்கு நாலு. பால்மாவு டின் சொன்ன அதே கணக்கு, ஏறக்குறைய வரிக்கு வரி. நாடு முழுக்க யார் என்பது தெரிய இன்னும் நேரம் இருந்தது. கலிதுரி இன்னதுதான் என்பது, பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அவளுக்குத் தெரிந்திருந்தது.

பந்தல் ஓரத்தில் கார்திமான் கண்ணாடித் தம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தம்ளரைப் பின்னால் மறைக்கப் பார்த்து, வழியில்லாமல், "நல்லா சூடு தாங்குது தங்கச்சி" என்றார்.

அவள் வண்டியை எடுக்கும்போது சாதினெம் ஓடிவந்தாள். வாழையிலைப் பொட்டலங்களை மெத்தைக்கும் கயிற்றுக்கும் நடுவில் செருகினாள்.

"தெம்பே. இன்னைக்குக் கட்டினது."

சுதார்மி எண்ணிப் பார்த்தாள். மூன்று இருந்தது.

"என்னக்கா மூணு?"

"யோசிச்சுத்தான் வச்சேன்" என்றாள் சாதினெம். "எடுத்துட்டுப் போங்க. வழியில யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."